சபைக்கு விசுவாசம் என்றால் போலீசுக்குப் போகாமல் இருப்பதா?

ஞாயிறுபள்ளி ஆசிரியை:
ஸ்தோத்திரம். சபை ஊழியர் ஒருவர் தவறாக நடந்ததாகப் பிள்ளை ஒன்று ஆசிரியையிடம் சொன்னால் முதலில் யாரிடம் போக வேண்டும்? மத்தேயு 18:15-ஐக் காட்டி, "அவரிடம் தனியே பேசுங்கள், மிச்சத்தைச் சேகரக் கமிட்டி (சபை நிர்வாகக் குழு) பார்த்துக்கொள்ளும், வெளியே போனால் சபைக்குத் துரோகம்" என்று சொல்லும் மூப்பர்கள் உண்டு. அது சரியா?

வழக்குரைஞர்:
சரியல்ல, சகோதரி. அன்றைக்கே காவல் நிலையத்துக்குப் போங்கள், இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் (2012) 19-ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்த எவரும் தெரிவித்தே ஆக வேண்டும். போதகரிடம் சொல்லிவிட்டேன் என்பது போதாது. தெரிவிக்காமல் விட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம். தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் 1 ஆண்டு வரை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் வழக்கு வராது. புகாருக்கு எண் போட்டு, எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

பிள்ளை சொன்னதை அதே வார்த்தைகளில், தேதி நேரத்தோடு எழுதிவையுங்கள். திருப்பித் திருப்பிக் கேட்காதீர்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கமிட்டி கூப்பிட்டு விசாரித்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை மாறும். குறுக்கு விசாரணையில் அது பிள்ளைக்கு எதிராகவே திரும்பும். ஊழியரிடம் முதலில் பேசினால் அவர் பிள்ளையை மிரட்டவும் தடயத்தை அழிக்கவும் நேரம் கொடுத்ததாகும்.

வேதபாட ஆசிரியர்:
மத்தேயு 18:15 "உன் சகோதரன் உனக்கு விரோதமாக" என்றுதான் தொடங்குகிறது. சமமான இரண்டு பேருக்கு நடுவே உள்ள பிணக்கு அது. பிள்ளைகளைப் பற்றிய வசனம் அதே அதிகாரத்தில் 6-ஆவது: சிறியவருக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவதே அவனுக்கு நலம் என்னும் வசனம். அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது பவுல் எல்லாருக்கும் முன்பாகவே எதிர்த்தார் (கலாத்தியர் 2:11-14). தமிழில் கர்த்தரை நம்புவதும் விசுவாசம், எஜமானுக்கு அடங்கியிருப்பதும் விசுவாசம். அதனால்தான் கமிட்டிக்கு அடங்குவதையே பக்தி என்று நம்ப வைப்பது இவ்வளவு எளிதாக இருக்கிறது.

பொதுநிலையினர்:
கத்தோலிக்கர்களுக்கு: 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'வோஸ் எஸ்திஸ் லுக்ஸ் முந்தி' ஆணைப்படி குருக்களும் துறவியரும் இப்படிப்பட்ட குற்றத்தைத் திருச்சபை அதிகாரியிடம் கட்டாயம் முறையிட வேண்டும், முறையிட்டவரை வாய்மூடச் சொல்லக் கூடாது. நாட்டுச் சட்டத்தின் கடமை அதனால் குறையாது. ஆயரிடம் சொன்னாலும் காவல் நிலையத்துக்குப் போகத்தான் வேண்டும்.

இன்னொன்று: ஜெபக்குறிப்பு என்று வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பெயரையோ தெருவையோ போட்டுவிடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.

ஞாயிறுபள்ளி ஆசிரியை:
பெற்றோரே வேண்டாம் என்றால்?

வழக்குரைஞர்:
அப்போதும் உங்கள் கடமை நிற்கும். அவர்கள் பயம் பெரும்பாலும் ஸ்டேஷன் வாசலைப் பற்றியது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை இல்லாமல், கூடியவரை பெண் எஸ்.ஐ. ஒருவர் வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்கும். வழக்கு நெடுக உடன் நிற்க ஒருவரை அந்தக் குழுவிடம் கேட்டுப் பெறலாம்.