கண்டெய்னருக்குள் குரோம் ஓட்டியவர்கள் பட்டதைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். தமிழ்ச் செய்தித் தளங்களின் பக்கங்களைச் சேகரிப்பது என் வேலை. பல தளங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் கட்டுரையையே காட்டும். அதனால் டாக்கர் கண்டெய்னரில் (நிரலை மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் பெட்டி) ஹெட்லெஸ் குரோமை, அதாவது திரையில் சாளரம் காட்டாமல் ஓடும் குரோமை வைத்து, பிரவுசரை நிரலால் இயக்க உதவும் பப்பட்டியர் மூலம் வெளியிலிருந்து இயக்கினேன்.

லேப்டாப்பில் கண்டெய்னர் இல்லாமல் ஓட்டியபோது ஒரு குறையும் இல்லை. சர்வரில் ஏற்றியதும், படங்கள் நிறைந்த பக்கம் வந்தாலே டேப் செத்துவிடும். லாகில் பக்கம் கிராஷ் ஆனது என்று ஒற்றை வரி, அவ்வளவுதான். 8 ஜிபி ரேமில் பாதிகூட நிறையவில்லை. மூன்று நாள் நான் எழுதிய நிரலையே சந்தேகப்பட்டுக் கிடந்தேன்.

கடைசியில் கண்டெய்னருக்குள் நுழைந்து, எதற்கு எவ்வளவு இடம் என்று காட்டும் டிஎஃப் கட்டளை கொடுத்தேன். புராசஸ்கள் (ஓடும் நிரல்கள்) தமக்குள் தரவைப் பகிரும் ஷேர்டு மெமரிக்கு எதிரே 64 எம்பி என்று இருந்தது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் டாக்கர் தருவது அவ்வளவுதான். குரோமோ டேப்களுக்குத் தனித்தனி புராசஸ் வைத்து, வரைந்த படங்களையெல்லாம் அந்த இடத்தின் வழியாகத்தான் கைமாற்றுகிறது. அது நிரம்பினால் ரேம் எவ்வளவு காலியாக இருந்தும் பயனில்லை. அளவை 1 ஜிபி ஆக்கிக் கண்டெய்னரை மறுபடி எழுப்பினேன். முதலில் செத்த அதே பக்கம் கடைசிப் படம் வரை திறந்தது. அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது!

மறுமொழி 1

எனக்கு ஸ்கிரீன்ஷாட்டில் அடி விழுந்தது. எடுத்த உரை சுத்தமான தமிழ், படத்தில் மட்டும் வரிசையாக வெற்றுக் கட்டங்கள். என்கோடிங் பிரச்சினை என்று நினைத்து அலைந்தேன். கண்டெய்னருக்கு அடிப்படையாக நான் எடுத்த டெபியன் லினக்ஸின் மெலிந்த இமேஜில் தமிழ் எழுத்துருவே கிடையாது. நோட்டோ எழுத்துருப் பொதியை நிறுவும்படி, இமேஜை உருவாக்கும் டாக்கர்ஃபைலில் ஒரு வரி சேர்த்தேன், தீர்ந்தது. தமிழ்த் தளங்களை எடுப்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

மறுமொழி 2

இரண்டு விஷயம். வெளியிலிருந்து குரோமை இயக்கும் வழியான டீபக் போர்ட் 9222-க்குக் கடவுச்சொல் எதுவும் கிடையாது. அதை எட்டிப் பிடிப்பவர் கையில் உங்கள் பிரவுசர் முழுவதும் போய்விடும். தயவுசெய்து இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், உள் நெட்வொர்க்கோடு நிறுத்துங்கள்.

அப்புறம், கண்டெய்னரில் நோட் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டுவது) முதல் புராசஸாக ஓடினால், குரோமை மூடிய பிறகு மிஞ்சும் செத்த புராசஸ்களை அது அள்ளாது. அவை ஸாம்பியாகச் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் புதுப் பிரவுசரே எழும்பாது. டாக்கர் ரன் கட்டளையில் இனிட் ஆப்ஷனைச் சேர்த்தால் போதும், அவற்றை அள்ளும் சிறு நிரல் முதல் புராசஸாக ஓடும்.

தொடங்கியவர்

நன்றி. இப்போதுதான் புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை போட்டுப் பார்த்தேன், 212 ஸாம்பி நிற்கிறது. இன்றிரவே இனிட் சேர்த்து ஓட்டிவிட்டு, காலையில் எண்ணிச் சொல்கிறேன்.