கனோவில் சுமையை எங்கே வைப்பது, கட்டுவதா வேண்டாமா?

வணக்கம். 16 அடி கனோ (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய திறந்த படகு), இரண்டு பேர், மூன்று இரவு ஏரிக்கரை முகாம். பின்னால் உட்காருபவர் 85 கிலோ, முன்னால் 60 கிலோ, சாமான்கள் மொத்தம் 45 கிலோ. அனுபவமுள்ளவர்கள் யோசனை சொல்லுங்கள்.

இந்த எடைக்கு முன்முனை தூக்கிக்கொள்ளும். எதிர்காற்று அதைப் பிடித்துத் திருப்பிவிடும். அதனால் 20 கிலோ சாப்பாட்டுப் பீப்பாயை நடுவிலிருந்து முன்பக்கம் தள்ளி, அடித்தளத்தோடு ஒட்டிப் படுக்க வைக்கத் திட்டம். (ஒரு குவளைத் தண்ணீரைப் படகுக்குள் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாலே சமநிலை தெரிந்துவிடும்.) சிக்கல் எப்போது என்றால், காற்று பின்னாலிருந்து வீசும்போது. முன்முனை கனமாக இருந்தால் அலை பின்பக்கத்தைத் தூக்கிப் படகைக் குறுக்கே சுழற்றும். நடு ஏரியில் பீப்பாயை நகர்த்துவது வம்பு. 10 லிட்டர் தண்ணீர்ப் பையை மட்டும் முன்னும் பின்னும் மாற்றினால் போதுமா?

அடுத்தது, கட்டும் விஷயம். இறுக்கிக் கட்டினால் கவிழ்ந்தாலும் மூட்டைகள் மிதந்து போகாது. நீர்புகாப் பைகள் என்றால் படகுக்குள் தண்ணீர் நிறையும் இடமும் குறையும். ஆனால் கவிழ்ந்த படகை இன்னொரு படகின் மேல் குறுக்கே இழுத்து நீரை வடிக்க அந்த எடை விடாது. நீளக் கயிற்றில் விட்டாலோ காலில் சுற்றும். குறுக்குச் சட்டத்தில் கிளிப் போட்டு, சட்டென்று கழற்றும்படி மாட்டியவர்கள் இருந்தால், எத்தனை அடி கயிறு விட்டீர்கள்?

உபரித் துடுப்பு, நீர் இறைக்கும் குவளை, உயிர்காப்புச் சட்டை எல்லாம் உண்டு. அந்த அறிவுரை வேண்டாம்.