அப்பாவின் கணினியிலுள்ள பழைய புக்மார்க்குகளை என்ன செய்வது?

கேள்வி:

வணக்கம். என் அப்பா பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவருடைய பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாறியபோது, குரோம் உலாவியில் பல ஆண்டுகளாக அவர் சேர்த்து வைத்திருந்த நானூறுக்கும் மேற்பட்ட புக்மார்க்குகளும் கூடவே வந்துவிட்டன. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய வினாத்தாள் ஒன்றை யூனிகோடுக்கு மாற்றுவதற்காக, "எழுத்துரு மாற்றி" என்று அவரே பெயரிட்டிருந்த புக்மார்க்கைச் சென்ற வாரம் சொடுக்கியிருக்கிறார். திறந்த பக்கம், தாம் ரோபோ இல்லை என்பதை உறுதிப்படுத்த "அனுமதி" பொத்தானை அழுத்தச் சொன்னது, அவரும் அழுத்திவிட்டார். அன்றிலிருந்து, உலாவி திறந்திருக்கும்போதெல்லாம் திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன" என்ற எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. வைரஸ் ஸ்கேன் செய்து பார்த்தேன், எதுவும் அகப்படவில்லை.

பல ஆண்டுகள் ஒழுங்காக இயங்கிய இணைப்பு எப்படி இவ்வாறு மாறியது? எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றால் அப்பா சம்மதிக்க மாட்டார். வங்கி இணைப்பும் அவற்றுள் இருப்பதால் பயமாக இருக்கிறது.

முதல் மறுமொழி:

சகோதரி, முதலில் அந்த எச்சரிக்கையை நிறுத்திவிடுங்கள். குரோம் அமைப்புகளில் "தனியுரிமையும் பாதுகாப்பும்", அதனுள் "தள அமைப்புகள்", அதனுள் "அறிவிப்புகள்" என்று சென்றால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். அறிமுகமில்லாத பெயர்களை அங்கிருந்து நீக்குங்கள். அப்பா அனுமதித்தது அறிவிப்பு அனுப்புவதை மட்டும்தான் என்றால், ஸ்கேன் எதையும் காட்டாததில் வியப்பில்லை. ஆனால் அந்த எச்சரிக்கையைச் சொடுக்கி எதையாவது பதிவிறக்கினாரா, அதிலிருந்த தொலைபேசி எண்ணுக்குப் பேசினாரா என்று பொறுமையாகக் கேளுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

இணைப்பு மாறிய காரணத்தைச் சொல்கிறேன். புக்மார்க் முகவரியை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. அந்த முகவரிக்கு இன்று யார் உரிமையாளர் என்பது அதற்குத் தெரியாது. டாட் காம் பெயர் ஒன்றைப் புதுப்பிக்காமல் விட்டால், 45 நாள் வரை சலுகைக் காலமும், அதன் பின் மீட்டெடுக்க 30 நாளும், நீக்கத்திற்கு முன் 5 நாளும் கிடைக்கும். அதன் பிறகு எவர் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். பல ஆண்டுகள் பலர் பயன்படுத்திய முகவரிக்கு ஆட்கள் தாமாகவே வந்து சேர்வார்கள் என்பதால், மோசடிக்காரர்கள் அத்தகைய பெயர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். அப்பா ஏமாந்ததற்கு அவரைக் குறை சொல்லாதீர்கள். தம் கையால் எழுதி வைத்த பெயரை எவர்தான் சந்தேகிப்பார்?

வங்கி இணைப்பை இன்றே அழித்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2025 ஏப்ரல் மாத ஆணைப்படி, வங்கிகள் யாவும் 2025 அக்டோபர் 31க்குள் "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. புதிய முகவரியை வங்கிக் கிளையில் கேட்டறிந்து, கையால் தட்டச்சு செய்து சேமியுங்கள். பழைய இணைப்பு அலகாபாத் வங்கி, சிண்டிகேட் வங்கி போன்று 2020 ஏப்ரல் 1 அன்று வேறு வங்கியோடு இணைந்துவிட்ட ஒன்றினுடையது என்றால், அதை வைத்திருப்பதற்குக் காரணமே இல்லை.

இரண்டாம் மறுமொழி:

நானூறையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது ஆபத்து. செயலிழந்த இணைப்புகளைக் கண்டுபிடித்துத் தரும் உலாவி நீட்சி (extension) ஒன்றை நிறுவினால் வேலை சுலபமாகும்.

மூன்றாம் மறுமொழி:

மேலே உள்ள யோசனையை நான் ஏற்கவில்லை. அத்தகைய நீட்சி உங்கள் புக்மார்க்குகள் முழுவதையும் படிக்கும் உரிமையைக் கேட்கும். மேலும், அது காட்டப்போவது செத்த இணைப்புகளைத்தான். கைமாறிய தளம் உயிரோடிருப்பதால் அதன் கண்ணுக்கு நலமாகவே தெரியும்.

திறக்காமலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. புக்மார்க் மேலாளரில் "ஏற்றுமதி" செய்து, கிடைக்கும் கோப்பை நோட்பேடில் திறங்கள். ஒவ்வொரு முகவரிக்கும் அருகில் 1331000000 போன்ற பத்திலக்க எண் இருக்கும். புக்மார்க்கைச் சேமித்த நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகளாக அது காட்டுகிறது. இந்த எடுத்துக்காட்டு 2012 மார்ச் 6ஐக் குறிக்கிறது. இணையத்தளப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் அந்த முகவரியின் டொமைனை, அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்து, அது உருவாக்கப்பட்ட தேதியைப் பாருங்கள். நீங்கள் சேமித்த நாளுக்குப் பிந்தைய தேதி என்றால், பழைய பதிவு ஒழிந்து புதிதாக ஒருவர் வாங்கியிருக்கிறார் என்று பொருள். முந்தைய தேதி என்பதால் மட்டும் நம்பிவிட வேண்டாம். பதிவு அறுபடாமலே விலைக்குக் கைமாறும் பெயர்களும் உண்டு.

அந்தக் கோப்பைச் சிறிது நேரம் படித்துப் பாருங்கள். மருத்துவம், கடன், வழக்கு என்று ஒருவர் எதற்கெல்லாம் அலைந்தார் என்பது அதில் வரிசையாகத் தெரியும். கணினியிலுள்ள மூலக் கோப்பும் மறையாக்கம் செய்யப்படாத வெற்று உரைதான். உலாவல் வரலாற்றை அழித்தாலும் புக்மார்க் அழியாது. மறைநிலைச் சாளரத்தில் சேமித்த புக்மார்க்கும், அதை மூடிய பிறகு அழியாமல் நிற்கும். "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று பகிர்ந்த ஆவணங்களின் முகவரிகளைக் குறிப்பாகத் தேடுங்கள். வேலை முடிந்ததும் ஏற்றுமதிக் கோப்பை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. அறிவிப்புகளை நீக்கியதும் எச்சரிக்கை நின்றுவிட்டது. அப்பா எதையும் பதிவிறக்கவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை. எழுத்துரு மாற்றியை அவர் சேமித்தது 2012இல். அந்த டொமைனின் இப்போதைய பதிவோ 2021இல் தொடங்குகிறது. இரண்டு மாலைகள் சேர்ந்து உட்கார்ந்து, அறுபத்தொன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். மூன்றாம் மறுமொழியில் சொன்னபடி தேடியபோது, ஒரு வகுப்பு மாணவர்களின் பெயர், பெற்றோர் கைப்பேசி எண், மதிப்பெண் அடங்கிய கூகுள் அட்டவணை ஒன்று, இணைப்பு உள்ள எவருக்கும் திறக்கும் நிலையில் இத்தனை ஆண்டுகள் கிடந்தது தெரிந்தது. அதைப் பார்த்ததும் அப்பாவே மௌஸை வாங்கி, பகிர்வை நிறுத்திவிட்டார்.