ஹேண்டில்பார் பட்டனை வெளி ஸ்டீரியோ எடுக்க மாட்டேங்குது, ஒயரை வெட்டலாமா?

வைகைரைடர்:
அண்ணன்மாரே ஒரு சந்தேகம். மாமா வச்சிருந்த 2015 ஹார்லி ஸ்ட்ரீட் கிளைட் இப்ப என்கிட்ட இருக்கு, கம்பெனி செட்டு டச் செத்துப்போனதால வெளி செட்டு ஒண்ணு மாட்டியாச்சு, சவுண்டு அருமை. ஆனா ஹேண்டில்பார்ல இருக்க வால்யூம், ட்ராக் பட்டன் எதுவும் எடுக்கல. செட்டுக்குப் பின்னாடி கீ1, கீ2ன்னு ரெண்டு ஒயர் சும்மா தொங்குது. கடைக்காரர் ஸ்விட்ச் ஒயரை வெட்டி அதுல முறுக்கிட்டா போதும்ங்குறாரு. செய்யலாமா? க்ளவ்ஸ் போட்டுக்கிட்டு நத்தம் ரோட்டுப் பாலத்துல ஸ்க்ரீனைத் தடவிக்கிட்டே போறது சரிப்பட்டு வரல.

மேலூர்க்காரன்:
வெட்டிப்புடாதீங்க தம்பி!! 2014க்கு அப்புறம் வந்த டூரிங் ஹார்லில பட்டன்ல இருந்து ரேடியோவுக்கு நேரா ஒயரே போகாது. ஹேண்டில்ல ரெண்டு பக்கமும் குட்டி மாட்யூல் இருக்கு, நீங்க அமுக்குனா அது கேன் பஸ்ல, அதாவது வண்டி மாட்யூலெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற ரெண்டு ஒயர் லைன்ல, டேட்டாவா போகும், இண்டிகேட்டர் ஸ்விட்சும் அதே வழிதான். உங்க செட்டோட கீ ஒயருக்கு அந்தப் பாஷையே தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான். அந்த டேட்டாவைச் செட்டுக்குப் புரியிற மாதிரி மாத்திக்குடுக்குற கேன் அடாப்டர் ஒண்ணு நடுவுல போட்டே ஆகணும், வாங்கும்போது வண்டி வருசமும் செட்டு மாடலும் ரெண்டுமே அந்த அடாப்டர் பொருந்துற லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க, கார் அடாப்டரைத் தலையில கட்டிருவாய்ங்க. அப்புறம் கேன் டேட்டா போற அந்த முறுக்கின ஜோடி ஒயர்ல டெஸ்ட் லேம்ப் வச்சுக் குத்த விடாதீங்க, மீட்டர்லயே எரர் வந்து நிக்கும். ஏற்கனவே கை வச்சிருந்தா பேட்டரியைக் கழட்டிட்டு அந்த ரெண்டு ஒயருக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க, 60 கிட்ட காட்டுனா லைன் நல்லாருக்குன்னு அர்த்தம்.

புல்லட்மாப்ள:
ஹார்லிக்காரங்க பஞ்சாயத்துல நம்மளும் ஒரு ஓரமா 😄 என் கிளாசிக் 350ல இந்த டேட்டா கதையெல்லாம் இல்ல, அஞ்சு பட்டன் ஸ்விட்ச் தனியா வாங்கி மாட்டிக்கிட்டேன். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ரெசிஸ்டர், 330 ஓம்ஸ், 1கே, 2.2கேன்னு நல்லா இடைவெளி விட்டு, எல்லாம் ஒரே ஒயர்ல சேர்ந்து கீ1க்குப் போகுது. அமுக்குனா வோல்டேஜ் இறங்கும், எம்புட்டு இறங்குதுன்னு வச்சுத்தான் செட்டு பட்டனைக் கண்டுபிடிக்குது. செட்டிங்ஸ்ல லேர்ன் போட்டு ஒண்ணொண்ணா அமுக்கிச் சொல்லிக்குடுக்கணும்.

ஸ்பார்க்கண்ணே:
மாப்ள சொன்னது சரி, ஆனா எர்த்தை ஹேண்டில் ராடுல எடுக்காதீங்கப்பா. ராடுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல கிரீஸ் போட்ட பேரிங், திருப்பத் திருப்ப எர்த் ஏறி இறங்கும், வால்யூம் அமுக்குனா பாட்டு மாறும். செட்டோட கருப்பு ஒயர்லயே எடுங்க. ஸ்விட்ச்சுக்குள்ள ஈரம் போனாலும் அதே தொல்லைதான், தண்ணியே ஒரு ரெசிஸ்டர் மாதிரி ஆயிரும். வாட்டர் வாஷ் பையன்கிட்ட சொல்லி வைங்க, அவன் கன்னைக் கொண்டாந்து நேரா அங்கதான் அடிப்பான். ஒயரைக் கட்டுறதுக்கு முன்னாடி ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாத்துக்கிருங்க.

வைகைரைடர்:
ரொம்ப நன்றிண்ணே, கடைக்காரருக்கு வேணாம்னு சொல்லிட்டேன். அடாப்டர் தேடுறேன். அது வர்ற வரைக்கும் ஹேண்டில்ல மாட்டுற ப்ளூடூத் ரிமோட் போட்டா போதுமா?

மேலூர்க்காரன்:
போனுக்கு ஜோடி சேர்த்தா அடுத்த பாட்டு, நிப்பாட்டுறது எல்லாம் ஆகும். வால்யூம் போன்ல மட்டும் ஏறி இறங்கி, செட்டுல மாறாமப் போனாலும் போகும், அது செட்டைப் பொறுத்தது. ரிமோட்டுக்குப் பட்டன் பேட்டரி ஒண்ணு சேர்த்து வாங்கிக்கிருங்க.