பாங்காக் இளைஞர் மாநாட்டுக்கு 38,000 ரூபாய் கட்டலாமா?

விருதுநகர்வாசி:
எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இரண்டாம் வருடம் படிக்கிறேன், வயது 23. யுனிசெஃப், யூஎன்டிபி (ஐநா வளர்ச்சித் திட்டம்) மாதிரி ஐநா அமைப்புகளில் வேலை பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இன்ஸ்டாகிராமில் பார்த்து ஒரு ‘சர்வதேச இளம் தலைவர்கள் மாநாடு’க்கு விண்ணப்பித்தேன், மறுநாளே தேர்வாகிவிட்டதாக மெயில் வந்துவிட்டது. கட்டணம் 38,000, விமான டிக்கெட் நம் செலவு. சான்றிதழில் ஐநாவின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளுக்கான கலர் சக்கரம் எல்லாம் இருக்கிறது. அப்பா கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். இது பின்னால் வேலைக்கு உதவுமா? இங்கிலீஷ் சுமார்தான்.

களப்பணி_கண்ணன்:
கட்டாதீங்க. மறுநாளே தேர்வு என்றால் அவர்கள் தேடுவது தலைவரை இல்லை, பணம் கட்டுகிறவரை. அந்தச் சக்கரத்தைப் போட்டுவிட்டால் அது ஐநா நிகழ்ச்சி ஆகிவிடாது. ஐநா ஆள் எடுக்கும்போது எந்தக் கட்டத்திலும் காசு கேட்பதில்லை.

உங்களுக்குச் சரியான இடம் யூஎன்வி, ஐநா தொண்டர் திட்டம். 1970-இல் பொதுச் சபை தொடங்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். தொண்டர் என்றதும் சும்மா வேலை என்று நினைத்துவிட வேண்டாம், களத்துக்குப் போகிறவர்களுக்கு மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்குப் பணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. 18 முதல் 26 வயது வரை இளைஞர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அதில் பெரிய முன்அனுபவம் கேட்பதில்லை, 27 ஆனால் அனுபவம் கேட்கும் அடுத்த பிரிவுக்குப் போய்விடுவீர்கள். ஆக உங்களுக்கு இன்னும் மூன்று வருடம்தான். முதலில் உள்நாட்டுத் தொண்டர் இடங்களைப் பாருங்கள், இந்தியாவிலேயே ஐநா அலுவலகங்களில் வேலை. எல்லாவற்றுக்கும் யூஎன்வியின் ஒரே இணையதளத்தில் ப்ரொஃபைல் போட்டால் போதும்.

அதுவரை அதே தளத்தில் ஆன்லைன் தொண்டு செய்யலாம். 2000-இலிருந்து நடக்கிறது. மொழிபெயர்ப்பு, எழுத்து, ஆய்வு, டிசைன் என்று வீட்டிலிருந்தே செய்கிற வேலைகள், வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று விதி. செய்த வேலையைக் காட்ட முடியும் இல்லையா, அது மாநாட்டு ஃபோட்டோவை விடப் பேசும்.

சாம்பல்_பூனை:
கண்ணன் சொல்வது சரி, ஆனால் ஆன்லைன் தொண்டுக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் சொல்லியிருக்கலாம். லேப்டாப்பும் நேரமும் வீட்டில் சாப்பாடும் இருக்கிறவனுக்குத்தான் அது வாய்ப்பு. இன்டர்ன்ஷிப்பும் அப்படியே. ஐநா தலைமைச் செயலகம் இன்டர்ன்களுக்குக் காசு தருவதில்லை, நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ வாடகையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இளைஞர்களுக்கு என்று 2018-இல் ஒரு பெரிய வியூகமே வெளியிட்டார்கள், 2022-இல் தனி அலுவலகத்துக்கும் தீர்மானம் போட்டார்கள், இதை மட்டும் மாற்றவில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

ஆனால் யுனிசெஃப், யூஎன்டிபி, ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு), உலக சுகாதார நிறுவனம் எல்லாம் இன்டர்ன்களுக்கு உதவித்தொகை தருகின்றன. முதுகலை படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்பதால் உங்களுக்கு இதுதான் நேரம். அறிவிப்பில் உதவித்தொகை பற்றி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மற்றதைப் படியுங்கள்.

மட்டுநகரான்:
தம்பி, நான் மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். இங்கே யூ.என். வேலைத்திட்டங்களுக்கு உள்ளூர் ஆட்களை எடுக்கும்போது தமிழ் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு, ஏனென்றால் கிராமத்துக்குப் போய் ஆட்களோடு கதைக்க வேண்டியது அவர்தான். நேர்முகத்தில் என்னிடம் ஆங்கில இலக்கணத்தைப் பெரிதாகப் பார்க்கவில்லை, கூட்டத்தில் இரண்டு பேர் சண்டை பிடித்தால் என்ன செய்வீர் என்றுதான் கேட்டார்கள். அறிக்கை எழுதும் அளவு ஆங்கிலம் வேண்டும், அதை மறுக்கவில்லை.

விருதுநகர்வாசி:
நன்றி அண்ணா, அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ப்ரொஃபைலில் என்ன எழுதுவது? என்.எஸ்.எஸ். முகாம், களப்பணிப் பயிற்சி தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

களப்பணி_கண்ணன்:
அதைத்தான் எழுத வேண்டும். ‘முகாமில் கலந்துகொண்டேன்’ என்று போடாதீங்க. எந்த ஊர், எத்தனை வீடு கணக்கெடுத்தீர்கள், கேள்வித்தாள் தயாரித்தது யார், அந்தத் தகவலை யாரிடம் கொடுத்தீர்கள், அதை வைத்து அவர்கள் ஏதாவது செய்தார்களா, இதெல்லாம் வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ. களப்பணிக்கு வாராவாரம் அறிக்கை எழுதியிருப்பீர்களே, அதைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?

படிப்பு முடிந்ததும் உடனே எதுவும் கிடைக்காவிட்டால் ஸ்டேட் பாங்கின் ‘எஸ்பிஐ யூத் ஃபார் இந்தியா’ ஃபெலோஷிப் பாருங்கள், 13 மாதம் கிராமத்தில் தங்கி வேலை, உதவித்தொகை உண்டு. சென்னையில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அதில் ஆரம்பத்திலிருந்தே பங்காளி. இது சர்வதேசம் இல்லைதான். ஆனால் ‘ஒரு வருடம் கிராமத்தில் இருந்தேன்’ என்பவரின் விண்ணப்பத்தை யூஎன்வியில் யாரும் லேசில் ஒதுக்க மாட்டார்கள்.

சாம்பல்_பூனை:
ப்ரொஃபைல் எழுதியதும் இங்கேயே போடுங்க, பெயரை எடுத்துவிட்டு. திருத்தித் தருகிறேன்.