புதுப்பிப்பு: பழைய ஜிக்சா கிடைத்துவிட்டது

லண்டனில் குறைந்த காசில், துண்டு குறையாத பழைய ஜிக்சா (அட்டைத் துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிர்) எங்கே வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்ன சாரிட்டி கடைகளிலேயே (தொண்டுக்காகப் பழைய பொருள் விற்கும் கடைகள்) கிடைத்துவிட்டது! 1000 துண்டு, மூன்று பவுண்டுதான். மூடியின் மூலையில் யாரோ பென்சிலால் ‘எல்லாம் இருக்கிறது’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த நல்ல மனதுக்கு நன்றி.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 1000 என்று போட்ட பெட்டிகள் பலவற்றில் உண்மையில் நீளத்தில் 38, அகலத்தில் 27, அதாவது மொத்தம் 1026 துண்டுகள் இருக்கும். இந்த வெட்டில் ஓரத்துண்டுகள் மட்டும் 126. முதலில் அவற்றைப் பிரித்து எண்ணுங்கள், படத்தின் ஓரச் சட்டம் முழுசா என்று சீக்கிரம் தெரிந்துவிடும். அப்புறம் பெட்டியை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அடுத்து 2000 துண்டு தேடுகிறேன். ஈஸ்ட் ஹாம் பக்கம் கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.