ஒன்ராறியோவில் வீட்டு முகவர் தவறு செய்தால்: முறைப்பாடு எதைத் தரும், எதைத் தராது

சென்ற வாரம் இங்கே ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் தனி இழையாகவே எழுதுகிறேன். அவரும் மனைவியும் ஏஜக்ஸில் வீடு வாங்கியிருக்கிறார்கள். விளம்பரத்தில் "சட்டபூர்வமான நிலக்கீழ்க் குடியிருப்பு" என்று போட்டிருந்தது. அதில் வரும் வாடகையை நம்பித்தான் கடனுக்குக் கணக்குப் போட்டார்கள். குடிபுகுந்த பிறகு நகரசபையில் விசாரித்தால், அந்த முகவரியில் இரண்டாவது குடியிருப்பு எதுவும் பதிவாகவே இல்லை. விற்றவருக்கும் இவர்களுக்கும் ஒரே முகவர். அவரோ "விற்றவர் சொன்னதைத்தான் போட்டேன்" என்று கையை விரிக்கிறார். போதாதற்கு அவர் மாமாவின் நண்பர். முறைப்பாடு செய்யலாமா, செய்தால் என்ன நடக்கும் என்பது கேள்வி.

செய்யுங்கள், தம்பி. ஆனால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று நினைத்துச் செய்யாதீர்கள். நம்மவர் பலர் இரண்டாவது முறையாக அடிபடுவது இந்த இடத்தில்தான். ஒழுங்குமுறை அமைப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று காத்திருப்பார்கள். அதற்குள் வழக்குப் போடுவதற்கான காலக்கெடு கடந்துவிடும்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டு முகவர்களுக்குப் பதிவு கொடுப்பதும் அதைப் பறிப்பதும் ஒன்ராறியோ ரியல் எஸ்டேட் கவுன்சிலின் வேலை. எல்லோரும் றெக்கோ என்பார்கள். 1997இல் தொடங்கிய அமைப்பு. அரசுத் திணைக்களம் அல்ல. முகவர்கள் கட்டும் கட்டணத்தில் இயங்கி, மாகாணச் சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறது. 2023 டிசம்பர் 1 முதல் சட்டம் கடுமையாகியிருக்கிறது. அன்றிலிருந்து, எந்தச் சேவையையும் தொடங்குவதற்கு முன்பே முகவர் உங்களிடம் றெக்கோவின் தகவல் வழிகாட்டியைக் கொடுத்து விளக்கியிருக்க வேண்டும். வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் ஒருவரே முகவராக இருப்பதென்றால், அதனால் உங்களுக்குக் குறையும் பாதுகாப்பு என்ன என்பதை எழுத்தில் தெரிவித்து, இரு தரப்பின் எழுத்துச் சம்மதத்தையும் பெற்றிருக்க வேண்டும். அந்தத் தாளில் எந்தத் திகதியில் கையெழுத்திட்டீர்கள் என்று உடனே தேடிப் பாருங்கள். விலை பேசி முடித்த இரவில், கடைசிக் கட்டில் சேர்த்து வைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் அதுவே தனி முறைப்பாடு.

"விற்றவர் சொன்னார்" என்ற பதில் அவரைக் காப்பாற்றாது. வீட்டைப் பற்றிய முக்கியமான உண்மைகளைக் கண்டறிய நியாயமான முயற்சி எடுப்பது முகவரின் கடமை. அந்தக் குடியிருப்பு பதிவானதா என்று நகரசபையைக் கேட்பது பெரிய வேலை அல்ல. கேட்காமல் "சட்டபூர்வமானது" என்று எழுதுவதை நான் கவனக்குறைவு என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஒரு குடும்பத்தின் கடன் அந்த ஒரு சொல்லின் மேல் நிற்கிறது.

முறைப்பாடு நகரும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் அந்த நிறுவனத்தின் பொறுப்புத் தரகருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் சட்டப்படி ஒருவர் அந்தப் பொறுப்பில் இருப்பார். தொலைபேசியில் பேசிவிட்டு விடாதீர்கள். எழுத்தில் கேட்டால்தான் எழுத்தில் பதில் வரும். சில விஷயங்கள் அங்கேயே தீர்ந்துவிடுவதும் உண்டு. தீராவிட்டால் றெக்கோவின் இணையதளத்தில் முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பலாம். உங்கள் முறைப்பாடு முகவருக்குக் காட்டப்படும், அவரிடம் பதில் கேட்கப்படும். பெயர் தெரியாமல் செய்ய வழி இருக்கிறதா என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். பதில் சொல்லும் உரிமை அவருக்கும் உண்டு என்பதால், அந்த எண்ணத்தை விட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கோபத்தை எழுதாதீர்கள், திகதிகளை எழுதுங்கள். எந்த நாள் என்ன சொன்னார், யார் கூட இருந்தார்கள், எந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று வரிசையாகப் போங்கள். விளம்பரத்தின் பிரதி, ஒப்பந்தம், கையெழுத்திட்ட படிவங்கள், நகரசபையின் பதில், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் வேண்டும். நம்மவருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. முகவரோடு பேசியது முழுக்கத் தமிழில், பாதி குரல் செய்தியில். அவற்றை அழிக்காதீர்கள். மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் எழுதி இணையுங்கள். தொலைபேசி மாற்றும்போது உரையாடல்கள் காணாமல் போய், நல்ல முறைப்பாடுகள் பலவீனமானதைப் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு முடிவு றெக்கோவின் பதிவாளர் கையில். நடவடிக்கை வேண்டாம் என்று மூடலாம், இரு தரப்பையும் பேசித் தீர்க்கச் செய்யலாம், எழுத்தில் எச்சரிக்கலாம், மீண்டும் வகுப்புக்குப் போகச் சொல்லலாம். கடுமையானது என்றால் ஒழுக்காற்றுக் குழுவுக்கு அனுப்புவார். விசாரணையில் நீங்கள் ஒரு தரப்பு அல்ல, சாட்சி மட்டுமே. வழக்கை நடத்துவது றெக்கோ. பல வழக்குகளில் முகவர் உண்மைகளை ஒப்புக்கொண்டு, தண்டனையையும் இரு தரப்பும் பேசி முடித்துக் குழுவின் முன் வைப்பார்கள். இப்போதைய உச்ச அபராதம் தனி முகவருக்கு 50,000 டொலர், நிறுவனத்துக்கு 100,000 டொலர். இந்தப் பணத்தில் ஒரு சதமும் உங்களுக்கு வராது.

அந்த முகவர் தொழிலில் இருக்கவே தகுதியற்றவர் என்று பதிவாளர் கருதினால், பதிவை நிறுத்திவைக்கவோ ரத்துச் செய்யவோ முன்மொழிவார். முகவர் அதை எதிர்த்து உரிம மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பொதுமக்களுக்கு உடனடி ஆபத்து என்றால், அந்த விசாரணை முடியும் வரை காத்திருக்காமல் பதிவை உடனே நிறுத்திவைக்கும் அதிகாரமும் பதிவாளருக்கு உண்டு. பதிவு இல்லாமல் வீடு விற்றுக் கொடுப்பது, பொய்த் தகவல் கொடுப்பது போன்றவை மாகாணக் குற்றங்களாக நீதிமன்றத்துக்கே போகும். அங்கே சிறைத்தண்டனைக்கும் இடம் இருக்கிறது.

றெக்கோவால் முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஒப்பந்தத்தை ரத்துச் செய்யாது. தரகுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடாது. நட்டஈடு தராது. அதற்குச் சட்டத்தரணியும் நீதிமன்றமும்தான் வழி. பதிவு பெற்ற முகவர் ஒவ்வொருவரும் தொழில் தவறுகளுக்கான காப்புறுதி கட்டாயம் வைத்திருக்க வேண்டும். நீங்கள் வென்றால் பணம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தின் வரம்பு 2025 அக்டோபர் 1 முதல் 50,000 டொலர். பொதுவாக, பாதிப்பைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். றெக்கோவில் முறைப்பாடு நிலுவையில் இருப்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது. ஆகவே, இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

அப்படியென்றால் முறைப்பாடு எதற்கு என்று கேட்பீர்கள். அடுத்து வரும் குடும்பத்துக்காக. றெக்கோவின் இணையதளத்தில் எந்த முகவரின் பெயரையும் போட்டுத் தேடலாம். பதிவு நடப்பில் இருக்கிறதா, ஒழுக்காற்றுத் தீர்ப்பு ஏதும் உண்டா என்பதெல்லாம் அங்கே தெரியும். நம் திருமண மண்டபங்களிலும் தமிழ்ப் பத்திரிகைகளிலும் சிரிக்கும் முகங்களில் சிலரின் பக்கத்தில் எதுவும் இல்லாததற்குக் காரணம், அவர்கள் தவறே செய்யவில்லை என்பது மட்டும் அல்ல. மாமாவின் முகம் கோணும் என்று நாம் வாய் மூடி இருந்ததும் ஒரு காரணம்.

இந்த அமைப்பு குறையற்றது என்று நான் சொல்லவில்லை. 2025 ஓகஸ்டில் ஐப்ரோ ரியல்ட்டி என்ற பெரிய நிறுவனம் மூடப்பட்டபோது, வாடிக்கையாளர்களின் வைப்புப் பணமும் முகவர்களின் தரகும் இருக்க வேண்டிய டிரஸ்ட் கணக்குகளில் ஒரு கோடி டொலருக்கு மேல் குறைந்திருந்தது வெளியே வந்தது. றெக்கோவுக்கு அது மே மாதத்திலேயே தெரியும். ஏன் உடனே சொல்லவில்லை, ஏன் கடுமையாக நடக்கவில்லை என்று எழுந்த கேள்விகள் நியாயமானவை. வெளியாரைக் கொண்டு விசாரிக்க வேண்டிய நிலை றெக்கோவுக்கே வந்தது. இதில் நமக்கான பாடம் நேரடியானது. வைப்புப் பணத்தை நிறுவனத்தின் டிரஸ்ட் கணக்குக்கு மட்டுமே கொடுங்கள், ரசீது வாங்குங்கள். முகவரின் சொந்தப் பெயருக்குக் காசோலை எழுதச் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கீழே வந்த கேள்விகளுக்கு:

@வன்கூவரில் இருந்து கேட்ட அக்காவுக்கு: உங்கள் மாகாணத்தில் றெக்கோ போன்ற அமைப்பு பிரிட்டிஷ் கொலம்பியா நிதிச் சேவைகள் ஆணையம். பயப்படாமல் முறைப்பாடு செய்யுங்கள். அதே மாகாணத்தின் கம்லூப்ஸில் ஒரு முகவர், காட்டுவதற்காகப் போன வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பாலைக் கலனோடு குடித்துவிட்டுத் திரும்ப வைத்தார். வீட்டுக் கமராவில் பதிந்தது. 20,000 டொலர் அபராதம் கட்டினார். அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் உரிமையை ஆணையம் அவ்வளவு பாரமாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டு லொக்பொக்ஸ் (சாவி வைக்கும் பூட்டுப் பெட்டி) எண்ணை முகவர் முன்பின் தெரியாதவரிடம் கொடுத்தது அதைவிடப் பெரிய விஷயம்.

@புதிய கொண்டோ (அடுக்குமாடி வீடு) பற்றிக் கேட்டவருக்கு: கட்டுநர் மீதான முறைப்பாட்டை றெக்கோ எடுக்காது. அதற்கு வீட்டுக் கட்டுமான ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. புதிய வீட்டின் உத்தரவாதம் பற்றியது என்றால் டேரியன் என்ற அமைப்பு. கடன் தரகர் பிழை செய்தால் நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையம், சட்டத்தரணி என்றால் ஒன்ராறியோ சட்டச் சங்கம். நீங்கள் கையெழுத்திட்டுப் பத்து நாள் ஆகவில்லை என்றால் முறைப்பாட்டை இப்போது விடுங்கள். கட்டுநரிடம் நேரடியாக வாங்கும் புதிய கொண்டோவுக்குப் பத்து நாள் மனம் மாறும் உரிமை உண்டு. இன்றே சட்டத்தரணியைக் கூப்பிடுங்கள்.

@ஏஜக்ஸ் தம்பி: "முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றால் 3,000 டொலர் தருகிறேன்" என்று உங்கள் முகவர் அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். எதிலும் கையெழுத்திடாதீர்கள், பதிலும் அனுப்பாதீர்கள். நீங்கள் பின்வாங்கினாலும் பதிவாளர் தானாகவே தொடரலாம். அந்தச் செய்தியைப் படம் எடுத்து, திகதி தெரியும்படி, முதலில் உங்கள் சட்டத்தரணிக்கு அனுப்புங்கள். பிறகு அவர் சொல்படி றெக்கோவின் கோப்பிலும் சேர்த்துவிடுங்கள்.